கிராமத்தில் தூரப் பார்வையை அளப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி கள ஆய்வாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையில் ஒருவர் நாலாவது வரி வரை படித்து ஐந்தாவதில் தடுமாறினால், மருத்துவர் அதை வைத்தே அடுத்த பரிசோதனைக்குப் போய்விடுவார். அந்த அளவு அவருக்கு ஒரு தொடக்கம்தான். ஆய்வில் அந்த அளவுதான் எல்லாம். அஞ்செட்டியில் ஒருவர் எடுத்த எண்ணும் பாப்பிரெட்டிப்பட்டியில் இன்னொருவர் எடுத்த எண்ணும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து உட்காரப் போகின்றன. தூரம், வெளிச்சம், கண்ணை மறைக்கும் முறை, எங்கே நிறுத்துவது என்ற விதி, இவற்றில் ஒன்று ஊருக்கு ஊர் மாறினாலும் போதும். கிடைத்த வித்தியாசம் மக்களின் கண்ணில் இருக்கிறதா, அளந்தவர் கையில் இருக்கிறதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே விதிகளை முதல் நாளுக்கு முன்பே எழுதி வையுங்கள். கடைசி நாள் வரை மாற்றாதீர்கள்.

முதலில், எந்தப் பார்வை?

ஒரே கண்ணுக்கு மூன்று நான்கு விதமான அளவு உண்டு. கண்ணாடி போட்டு வந்தால் கண்ணாடியோடும், இல்லாமல் வந்தால் அப்படியேவும் அளப்பது ‘வந்த நிலைப் பார்வை’. கண்ணாடியைக் கழற்றி அளப்பது ‘கண்ணாடியில்லாப் பார்வை’. பின்ஹோல், அதாவது சிறு துளையிட்ட மறைப்பு, அதன் வழியாக அளப்பது மூன்றாவது. சரியான பவர் கண்டுபிடித்து லென்ஸ் வைத்து அளக்கும் ‘திருத்திய பார்வை’ நான்காவது. ஊரில் எத்தனை பேர் பார்வைக் குறையோடு அன்றாடம் வாழ்கிறார்கள் என்பது கேள்வியானால் வந்த நிலைப் பார்வைதான் முதன்மை அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் நன்றாகத் தெரியும் கண்ணின் வந்த நிலைப் பார்வையை வைத்தே போகிறது: 6/12க்குக் கீழ் 6/18 வரை லேசான குறை, 6/18க்குக் கீழ் 6/60 வரை மிதமானது, 6/60க்குக் கீழ் 3/60 வரை கடுமையானது, 3/60க்கும் கீழ் பார்வையின்மை. 6/12 என்றால், நல்ல கண்ணுக்கு 12 மீட்டரில் தெரியும் எழுத்து இவருக்கு 6 மீட்டரில்தான் தெரிகிறது என்று பொருள். இந்தியாவில் பார்வையின்மைக்கு முன்பு 6/60 எல்லையாக இருந்தது. 2017இல்தான் அது 3/60க்கு மாறியது. பழைய கணக்கெடுப்புகளோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போது இதை மறந்தால், ஊரில் பார்வையின்மை சட்டென்று குறைந்துவிட்டதாகத் தோன்றும்.

வீட்டில் கண்ணாடி வைத்திருந்து போடாமல் வந்தவரை என்ன செய்வது? இதற்கு விதி வேண்டும். தூரத்துக்கு வழக்கமாகப் போடுபவராக இருந்தால் எடுத்துவரச் சொல்லி, போட்ட பிறகு அளக்க வேண்டும். படிக்க மட்டும் போடும் கண்ணாடியைத் தூரத்துக்குப் போட்டு அளந்தால் பார்வை மங்கித்தான் தெரியும். நாற்பது தாண்டியவர் யாராக இருந்தாலும் “இது தூரத்துக்கா, படிக்கவா?” என்று கேட்காமல் தொடங்கக் கூடாது.

எந்தச் சார்ட்?

ஸ்னெல்லன் சார்ட் 1862இல் வந்தது. இன்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் அதுதான் இருக்கிறது. வடிகட்டிப் பார்க்க அது போதும். ஆய்வுக்குப் போதாது. மேல் வரியில் ஒரே எழுத்து, கீழே ஏழெட்டு. வரிக்கு வரி அளவு குறைவதும் ஒரே விகிதத்தில் இல்லை. 6/60லிருந்து 6/36க்கு ஒரு வரி, 6/9லிருந்து 6/6க்கும் ஒரு வரி, இரண்டும் ஒரே தூரம் அல்ல.

ஆய்வுக்கு லாக்மார் சார்ட் வேண்டும், பார்வையை மடக்கை (லாக்) அளவில் சமமான படிகளாக எண்ணுவது. பெய்லி, லோவி இருவரும் 1976இல் வகுத்த அமைப்பு அது: ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்து, வரிக்கு வரி 0.1 அளவு குறைவு, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியும் எழுத்தின் அளவைப் பொறுத்தது. எனவே ஒரு எழுத்துக்கு 0.02. லாக்மார் 0.0 என்பது 6/6, 0.3 என்பது 6/12, 1.0 என்பது 6/60, 1.3 என்பது 3/60. எண் கூடக் கூடப் பார்வை குறைவு. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். ஆங்கில எழுத்துச் சார்ட்டில் சி, டி, எச், கே, என், ஓ, ஆர், எஸ், வி, இசட் என்ற பத்து எழுத்துகள் மட்டுமே வரும்.

நம் பகுதிக்கு ஆங்கில எழுத்துச் சார்ட் மட்டும் போதாது. ஐம்பது தாண்டிய பல பேருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசுபவர்களும் நிறைய. தமிழ் எழுத்துச் சார்ட் வைத்தாலும் அவர்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ‘ட’வும் ‘ப’வும் எளிதில் தெரியும், ‘ஞ’வும் ‘ண’வும் ஒரே அளவில் இருந்தாலும் தெரியாது என்பது தனிச் சிக்கல். எனவே பெரியவர், பள்ளிப் பிள்ளை எல்லோரையும் ஒப்பிடும் ஆய்வுக்கு ஆங்கில E எழுத்து நாலு பக்கமும் திரும்பி நிற்கும் ‘ஈ’ சார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு இன்னொன்று என்று ஒரே ஆய்வில் கலக்க வேண்டாம். படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் சார்ட்டின் வித்தியாசமும் ஒட்டிக்கொள்ளும்.

‘ஈ’ சார்ட்டுக்கு ஒரு விலை உண்டு. விடை நாலில் ஒன்று என்பதால் குருட்டாம்போக்கில் சொன்னாலே நாலில் ஒரு தடவை சரியாகிவிடும். ஐந்தில் மூன்று சரியானால் அந்த வரி தேறியது என்று விதி வைத்தால், ஒன்றுமே தெரியாதவர் வெறும் யூகத்தில் ஒரு வரியைத் தேற 10 சதவீத வாய்ப்பு. ஐந்தில் நான்கு என்று வைத்தால் அது 1.6 சதவீதமாக இறங்குகிறது. பத்து எழுத்துச் சார்ட்டில் ஐந்தில் மூன்று என்றாலே வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே ‘ஈ’ சார்ட் என்றால் ஐந்தில் நான்கு.

கணினியில் அச்சடித்த சார்ட்டாக இருந்தால் ஸ்கேல் வைத்து அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 4 மீட்டருக்கான சார்ட்டில் 6/60 வரியின் எழுத்து உயரம் 58.2 மி.மீ., 6/6 வரியின் எழுத்து 5.8 மி.மீ. 3 மீட்டர் சார்ட்டில் இவை 43.6, 4.4 மி.மீ. அச்சுக் கடையில் தாளுக்குள் அடக்குவதற்காக 95 சதவீதமாகச் சுருக்கிவிட்டால் 58க்குப் பதில் 55 வரும். அதற்குள் ஒரு எழுத்து அளவு பிழை எல்லோருக்கும் ஏறிவிடும். பளபளப்பான லாமினேஷன் வேண்டாம், ஜன்னல் அதில் தெரியும். ஜெராக்ஸ் எடுத்த சார்ட்டில் கறுப்பு சாம்பலாகிவிடும், அதுவும் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு வரிசை கொண்ட இரண்டு சார்ட், கண் மறைப்பான், பிள்ளைகளுக்கு ஒட்டும் கண் பட்டை, 1.2 மி.மீ. துளையுள்ள பின்ஹோல், நீளாத டேப் அல்லது 4 மீட்டரில் முடிச்சிட்ட நைலான் கயிறு, தரையில் ஒட்ட கலர் டேப், வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர், டார்ச், கண்ணாடி துடைக்கும் துணி, ஸ்பிரிட் பஞ்சு, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று, பதிவுத் தாள். சணல் கயிறு வேண்டாம், நனைந்தால் நீளம் மாறும். பின்புறம் விளக்கெரியும் பெட்டிச் சார்ட் இருந்தால் நல்லது. ஆனால் அது பேட்டரியில் ஓடும்போது வெளிச்சம் மெல்ல இறங்குகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள்.

இடத்தை அமைப்பது

தூரம் அளவிடுவது சார்ட்டிலிருந்து கண் வரை. நாற்காலியின் முன்காலிலிருந்து அளப்பதுதான் களத்தில் அதிகம் நடக்கும் தவறு. நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தபின் கண்ணின் வெளி ஓரம் 4 மீட்டரில் வர வேண்டும். பிறகு நாற்காலியின் நாலு காலையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டுங்கள். 4 மீட்டரில் ஒருவர் 20 செ.மீ. முன்னால் சாய்ந்தால் ஒரு எழுத்து கூடுதலாகக் கிடைக்கும். 1 மீட்டரில் 10 செ.மீ. சாய்ந்தாலே இரண்டு எழுத்துக்கு மேல். கண் தெரியாதவர்தான் எட்டிப் பார்ப்பார் என்பதால் இந்தப் பிழை எல்லோருக்கும் சமமாக விழாது. குறை அதிகமுள்ளவரின் பார்வையைத்தான் நல்லதாகக் காட்டும்.

நம் வீடுகளில் 4 மீட்டர் நேர்க்கோடு கிடைப்பது கடினம். தொகுப்பு வீட்டின் உள் அறை போதாது, வாசலுக்கு வந்தால் வெயில். அங்கன்வாடி, ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் வகுப்பறை, சமுதாயக்கூடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஊருக்கு ஒரு மையமாக வைத்துக்கொள்வது மேல். இடமே இல்லையென்றால் 3 மீட்டருக்கென்று அச்சிட்ட சார்ட்டை ஆய்வு முழுவதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் சார்ட்டை 3 மீட்டரில் வைத்துவிட்டு வரியின் எண்ணை அப்படியே எழுதினால் ஒவ்வொருவர் பார்வையும் 0.125, அதாவது ஒரு வரிக்கு மேல், நல்லதாகத் தெரியும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, சார்ட்டின் வெள்ளைப் பகுதி சதுர மீட்டருக்கு 80 முதல் 320 கேண்டெலா வரை ஒளிர வேண்டும். சுவரில் மாட்டும் சாதாரண வெள்ளைச் சார்ட்டாக இருந்தால், அதன் மேல் விழும் வெளிச்சம் சுமார் 330 முதல் 1,200 லக்ஸுக்குள் இருந்தால் இந்த வரம்புக்குள் வரும். நாங்கள் சொல்வது 500 லக்ஸைக் குறிவையுங்கள் என்பதுதான். நடுவிலும் நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். ஒரு பக்க ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மூலை 900, மறு மூலை 300 என்று வரும். அப்படியானால் சார்ட்டை வேறு சுவருக்கு மாற்றுங்கள். சார்ட்டுக்குப் பின்னால் ஜன்னலோ திறந்த கதவோ இருக்கவே கூடாது. உட்கார்ந்தவரின் முகத்தில் வெயில் அடிக்கக் கூடாது.

வேப்பமர நிழலில் வைத்தால் வெளிச்சம் தாராளம்தானே என்று கேட்பார்கள். அதுதான் பிரச்சினை. வெளி வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும், சுருங்கிய கண்மணி தானே ஒரு பின்ஹோல் போல வேலை செய்து கிட்டப்பார்வைக்காரரின் மங்கலைக் குறைத்துவிடும். கண்ணில் புரை இருப்பவருக்கோ அதே வெளிச்சம் கூசிப் பார்வை குறையும். ஒரே மரத்தடியில் இரண்டு எதிர்த் திசைப் பிழை.

பெரியவர்களுக்கு: வரிசையாக

1. பெயர், எண் சரிபார்த்து ஒப்புதல் வாங்கியபின் கண்ணை வெளியிலிருந்து பாருங்கள். சிவப்பு, பீளை, ஊசியால் குத்துவது போன்ற வலி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இருந்தால் துடைத்துக் கொடுங்கள். கல் குவாரி, மாங்கூழ் ஆலை, பட்டறை என்று வேலை பார்ப்பவர்களின் கண்ணாடியில் படிந்த தூசியே ஒரு வரியை விழுங்கிவிடும்.

2. ஒரு மீட்டரில் பெரிய ‘ஈ’ அட்டையைக் காட்டிப் பழக்குங்கள். “இந்தச் சீப்போட பல்லு எந்தப் பக்கம் பாக்குது, கையால காட்டுங்க தாத்தா” என்றால் போதும். இடது, வலது என்று வாயால் சொல்லச் சொல்ல வேண்டாம். கண் சரியாக இருந்தும் சொல் மாறிப்போகும். தெலுங்கு வீட்டில் “ஏ பக்க?”, கன்னட வீட்டில் “யாவ கடெ?” என்று ஒரு சொல் கேட்டால் மீதியைக் கை சொல்லிவிடும். நாலு திசையும் சரியாகக் காட்டியபின்தான் 4 மீட்டருக்குப் போக வேண்டும்.

3. எப்போதும் வலது கண் முதலில். இடது கண்ணை மறைப்பானால் மூடுங்கள். விரலால் மூடச் சொன்னால் இடுக்கு வழியாகத் தெரியும், அழுத்தினால் அந்தக் கண் அடுத்த முறைக்கு மங்கிவிடும். கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவில் மறைப்பது எளிதல்ல. கண்ணாடியின் மேல் மூடி, பக்கவாட்டில் இடைவெளி இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மற்ற பிழைகளைவிட இந்த ஒன்றைத்தான் பயிற்சியில் அதிக நேரம் எடுத்துச் சொல்லித்தர வேண்டும். ஒரு கண் முற்றிலும் தெரியாதவரை இரண்டு கண்ணும் 6/6 என்று எழுதவைப்பது சரியாக மூடாத மறைப்பான்தான்.

4. மேல் வரியிலிருந்து இறங்குங்கள். வரியின் தொடக்கத்தை மட்டும் குச்சியால் காட்டலாம். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தொட்டுக் காட்டினாலோ பக்கத்து எழுத்தை மறைத்தாலோ, எழுத்துகள் நெருங்கி நிற்பதால் வரும் நெரிசல் போய்விடும். சோம்பல் கண் (சிறு வயதில் சரியாகப் பழகாமல் பார்வை குறைந்துபோன கண்) உள்ளவருக்குத் தனி எழுத்து நன்றாகத் தெரியும், கூட்டத்தில்தான் தடுமாறும். அந்தக் குறை பதிவாகாமல் நழுவிவிடும்.

5. “தெரியல” என்றதும் நிறுத்தாதீர்கள். “பரவால்ல, எந்தப் பக்கம் மாதிரி தோணுதோ அதக் காட்டுங்க” என்று ஒரு முறை கேளுங்கள். ஒருவரிடம் கேட்டு இன்னொருவரிடம் கேட்காமல் விட்டால், தைரியமானவருக்கும் கூச்சப்படுபவருக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தரவில் பதிவாகும். சரி, தப்பு என்று சொல்லாதீர்கள். முகத்தைச் சுளிப்பதும் தலையாட்டுவதும் சொல்வதற்குச் சமம். கண்ணைச் சுருக்கினால் “கண்ண நல்லாத் தொறங்க” என்று சொல்லி, சுருக்காமல் பார்த்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. ஒரு வரியில் இரண்டு எழுத்துக்கு மேல் தவறினால் அதோடு நிறுத்துங்கள். பதிவுத் தாளில் சார்ட்டின் அதே வரிசை அச்சாகி இருக்க வேண்டும். சரியானதை அப்போதைக்கப்போதே வட்டமிடுங்கள். முடிந்தபின் நினைவிலிருந்து எழுதக் கூடாது.

7. மறைத்த கண்ணைத் திறந்து, வெளிச்சத்துக்குப் பழகக் கொஞ்ச நேரம் விட்டு, இரண்டாவது சார்ட்டை மாட்டி இடது கண்ணைத் தொடங்குங்கள். ஒரே சார்ட்டை வைத்தால் மனப்பாடம் வேலை செய்யும். வரிசையில் காத்திருப்பவர்கள் சார்ட்டைப் பார்க்காத இடத்தில் உட்கார வேண்டும்.

மேல் வரியே தெரியாதபோது

4 மீட்டரில் 20 எழுத்துக்குக் குறைவாகப் படித்தால் 1 மீட்டருக்கு வந்து முதல் ஆறு வரியை மட்டும் கேளுங்கள். நாற்காலியை நகர்த்தாமல் சார்ட்டை நகர்த்துவதுதான் வசதி. முறைப்படி செய்யும் ஆய்வுகளில் 1 மீட்டருக்கு +0.75 லென்ஸ் சேர்ப்பார்கள். கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய முடியாத வயதானவருக்கு அது தேவை. 1 மீட்டரிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் விரல் எண்ணல், கை அசைவு, வெளிச்சம் தெரிகிறதா என்று இறங்குங்கள். டார்ச்சை நேரே மட்டும் காட்டாமல் நாலு பக்கத்திலிருந்தும் காட்டுங்கள். மறு கண் முழுவதும் உள்ளங்கையால் மூடியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிலைகளை எழுத்தாகவே பதியுங்கள், களத்தில் எண்ணாக மாற்ற வேண்டாம்.

3/60 எல்லையைத் தனியாக உறுதிசெய்ய ஒரு வழி: 4 மீட்டர் சார்ட்டின் மேல் வரியை 2 மீட்டரில் வைத்து ஐந்தில் நான்கு சொன்னால் அது 3/60.

பின்ஹோல்

ஒரு கண்ணின் வந்த நிலைப் பார்வை 6/12க்குக் கீழ் இருந்தால் பின்ஹோல் வையுங்கள், கண்ணாடி போட்டிருந்தால் அதன் மேலேயே. துளையில் சார்ட்டைப் பிடிக்கப் பெரியவர்களுக்குச் சிறிது நேரமாகும். தலையைச் சற்று அசைத்துத் தேடச் சொல்லுங்கள், முன்னால் சாய விடாதீர்கள். பார்வை கூடினால் கண்ணாடியால் சரியாகும் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடவில்லை என்றால் புரை, விழித்திரைக் கோளாறு போன்றவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். கண்ணின் நடுவில் புரை இருந்தால் பின்ஹோலில் இன்னும் குறையவும் கூடும். அதுவும் ஒரு தகவல், அப்படியே எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு

மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ‘ஈ’ சார்ட் சரிவராது. திசை என்பது அந்த வயதில் இன்னும் கைக்கு வந்திருக்காது. அவர்களுக்கு ஃபின்லாந்தின் லியா ஹுவாரினென் உருவாக்கிய படச் சார்ட் உண்டு: ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம். அங்கன்வாடியில் குழந்தை ஆப்பிளை மாங்காய் என்று சொல்லலாம், வட்டத்தைப் பந்து, இட்லி என்று எதுவும் சொல்லலாம். திருத்தாதீர்கள். கடைசி வரை அதே பெயரைச் சொன்னால் விடை சரிதான். வாய் திறக்காத குழந்தைக்கு நாலு படமும் உள்ள அட்டையை மடியில் வைத்து “அங்க இருக்கிறது இதுல எது, தொட்டுக் காட்டு கண்ணு” என்று கேளுங்கள்.

முதலில் கிட்டத்தில் இரண்டு கண்ணும் திறந்த நிலையில் பழக்கம், பிறகு 3 மீட்டரில் இரண்டு கண்ணும், அதன்பின்தான் ஒற்றைக் கண். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே பட்டையை ஒட்டினால் அழுகை தொடங்கி அன்றைய வேலை முடிந்தது. பட்டை ஒட்டத்தான் வேண்டும், மறைப்பானைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்காத நாலு வயதுக் குழந்தை கிடையாது. ஒரு கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை பட்டையைப் பிடுங்கித் தவித்தால் அதைக் குறித்துவையுங்கள். திறந்திருக்கும் கண் சரியாகத் தெரியாததன் அடையாளமாக இருக்கலாம்.

இந்த வயதில் கடைசி வரை இறங்கத் தேவையில்லை. வயதுக்குரிய வரி ஒன்றை நிர்ணயித்து, அதில் பாதிக்கு மேல் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தால் போதும்: மூன்று வயதுக்கு 6/15, நாலு வயதுக்கு 6/12, ஐந்து வயது முதல் 6/9.5. இரண்டு கண்ணுக்கும் இரண்டு வரி வித்தியாசம் இருந்தாலும் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒத்துழைக்காத குழந்தையை ‘தேறவில்லை’ பத்தியில் எழுதாதீர்கள். ‘அளக்க முடியவில்லை’ என்று தனிப் பத்தி வேண்டும். மதிய உணவுக்குப் பின் தூங்கி எழும் நேரத்தைத் தவிர்த்து, வேறொரு நாள் காலையில் இன்னொரு முறை முயலுங்கள்.

ஆறு வயதுக்கு மேல் பெரியவர்களின் முறையே, ‘ஈ’ சார்ட்டோடு. பள்ளியில் இரண்டு எச்சரிக்கை. வரிசையில் நிற்கும் பிள்ளைகள் வெளியே போய் வரும் பிள்ளையிடம் விடை கேட்பார்கள், எனவே சார்ட்டின் பக்கத்தை அடிக்கடி மாற்றுங்கள். ஆசிரியர் அருகில் நிற்க வேண்டாம். தப்புச் சொன்னால் திட்டுவார் என்ற பயத்தில் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும்.

ஒப்புதலில் பிள்ளைகளுக்குத் தனி விதி. பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும். தலைமை ஆசிரியரின் கையெழுத்து பெற்றோர் கையெழுத்துக்கு ஈடாகாது. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்து, பிள்ளை பாட்டியிடம் வளர்வது நம் பகுதியில் சாதாரணம் என்பதால், யார் ஒப்புதல் தரலாம் என்பதை நெறிமுறைக் குழுவிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணாக மாற்றுவது

4 மீட்டரில் சரியாகச் சொன்ன மொத்த எழுத்துகளை 0.02ஆல் பெருக்கி 1.1இலிருந்து கழித்தால் லாக்மார். ஒருவர் 1.0 வரியிலிருந்து 0.4 வரை ஏழு வரியும் முழுதாக (35), 0.3 வரியில் மூன்று, 0.2 வரியில் ஒன்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 39. லாக்மார் 1.1 − 0.78 = 0.32. 20க்குக் குறைந்து 1 மீட்டருக்கும் போனவருக்கு இரண்டு தூரத்தின் எழுத்துகளையும் கூட்டி 0.02ஆல் பெருக்கி 1.7இலிருந்து கழிக்க வேண்டும்.

மேலே சொன்ன அதே ஆளைக் கவனியுங்கள். ஐந்தில் மூன்று விதிப்படி அவர் 6/12 வரியைத் தேறிவிட்டார், குறை இல்லை. ஐந்தில் நான்கு விதிப்படி அவர் பார்வை 6/15, லேசான குறையுள்ளவர். எழுத்துக் கணக்குப்படி 0.32, எல்லைக்கு ஒரு எழுத்து வெளியே. கண் ஒன்றுதான். ஊர் முழுவதும் இப்படி எல்லையில் நிற்பவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால், விதியை மாற்றினால் உங்கள் சதவீதமே மாறிவிடும். அறிக்கையில் விதியை எழுதாமல் சதவீதத்தை மட்டும் எழுதுவது படிப்பவருக்கு எதையும் சொல்லாது.

சராசரி எடுப்பது லாக்மாரில் மட்டும். ஸ்னெல்லன் பின்னங்களைத் தசமமாக்கிச் சராசரி எடுக்கக் கூடாது. ஒருவரின் இரண்டு கண்களையும் இரண்டு தனி ஆளாக எண்ணிப் பகுப்பாய்வு செய்தால், இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தெரியும். நல்ல கண்ணை மட்டும் எடுங்கள், அல்லது கண்களுக்கு இடையிலான தொடர்பைக் கணக்கில் கொள்ளும் முறையை உங்கள் புள்ளியியலாளரிடம் கேளுங்கள்.

தரம் காக்க

களத்துக்கு இறங்கும் முன் எல்லா அளவர்களும் ஒரே ஆட்களை, ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாமல், அளக்க வேண்டும். அந்த ஆட்களில் நல்ல பார்வைக்காரர்கள் மட்டும் இருந்தால் பயனில்லை, எல்லோரும் 6/6 என்று ஒத்துப்போவார்கள். புரையுள்ளவர், கிட்டப்பார்வைக்காரர், ஒரு கண் தெரியாதவர் என்று கலந்து கூப்பிடுங்கள். இரண்டு அளவர்களுக்கு இடையிலான வித்தியாசம் பெரும்பாலோரிடம் ஒரு வரிக்குள், அதாவது ஐந்து எழுத்துக்குள், இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் எப்போதும் இரண்டு எழுத்து கூட எடுக்கிறார் என்றால் அவர் யூகிக்கச் சொல்லி அதிகம் வற்புறுத்துகிறாரா, மறைப்பானைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று நேரில் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். களம் தொடங்கியபின் பத்தில் ஒருவரை இன்னொரு அளவர் மறுபடி அளக்கட்டும்.

வாரக் கடைசியில் ஒவ்வொரு அளவரின் தாளையும் விரித்துப் பாருங்கள். வரிகள் எல்லாம் முழுதாக, 0.0, 0.1, 0.2 என்றே வந்து, 0.04, 0.16 போன்றவை வரவே இல்லையென்றால் அவர் எழுத்தை வட்டமிடாமல் வரியை மட்டும் எழுதுகிறார். வலது இடது இரண்டும் அநேகமாக ஒன்றாகவே இருந்தால் இரண்டாவது கண்ணை அளக்கவில்லை, அல்லது மறைப்பான் வேலை செய்யவில்லை.

யாரை அளந்தீர்கள் என்பதும் தரம்தான். காலை பத்து மணிக்கு ஊருக்குள் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர், ஓசூர் கம்பெனி பஸ் ஏறியவர், காட்டுக்கு மாடு ஓட்டிப் போனவர் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர் வயதானவரும் உடல் முடியாதவரும். அவர்களை மட்டும் அளந்தால் ஊரின் பார்வைக் குறை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். விடியற்காலையிலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பங்கு வேலையை வையுங்கள். மே, ஜூனில் மா அறுவடை, மார்ச், ஏப்ரலில் பள்ளித் தேர்வு, அக்டோபர், நவம்பரில் மழை. இவற்றைத் தவிர்த்துக் களத்துக்கு நாள் குறியுங்கள். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலை ஊர்களுக்கு மழைக்கு முன்பே போய்வருவது நல்லது. பிரிந்து கிடக்கும் கொட்டாய்களை ‘தூரம்’ என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவம் கடைசியாகப் போய்ச் சேரும் வீடுகள் அவை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் தன்னார்வலப் பெண்களுக்கு எந்தக் கொட்டாயில் எந்தச் சர்க்கரை நோயாளி, எப்போது வீட்டில் இருப்பார் என்பது அத்துப்படி. வழிகாட்ட அவர்களை அழையுங்கள். ஆனால் அவர்களிடமுள்ள நோயாளிப் பட்டியலையே உங்கள் மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளந்தபின் செய்ய வேண்டியது

குறை கண்டவரை எண்ணாக மட்டும் எடுத்துக்கொண்டு போக யாருக்கும் உரிமையில்லை. தொடங்கும் முன்பே எங்கே அனுப்புவது, யார் கண்ணாடி தருவது, போக்குவரத்துக்கு என்ன வழி என்று அந்தந்த மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவோடும், மாவட்ட சுகாதார அலுவலகத்தோடும் பேசி முடித்திருக்க வேண்டும். பெரியவரில் எந்தக் கண்ணாவது 6/12க்குக் கீழ் இருந்தால் சீட்டு கொடுங்கள். சீட்டில் இரண்டு கண்ணின் அளவும், பின்ஹோல் அளவும், போக வேண்டிய இடமும் கிழமையும் தமிழில் இருக்கட்டும். சர்க்கரை நோயுள்ளவருக்குப் பார்வை 6/6 என்றாலும் விழித்திரைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். விழித்திரையில் பாதிப்பு தொடங்கியபின்னும் தூரப் பார்வை வெகுநாள் நன்றாகவே இருக்கும்.

சீட்டு கொடுத்துக் காத்திருக்கக் கூடாதவை சில: திடீரெனப் போன பார்வை, வலியோடு சிவந்த கண், கண்ணில் அடிபட்டது, குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிவது. இவர்களை அன்றைக்கே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தார்களா என்று மாலையில் போன் செய்து கேளுங்கள்.